போனால், போனதால்

தஹானி மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மேலே, இருபத்தாறு வருஷம் அவள் கூட்டித் துடைத்த வீடு. கீழே, தெருவில், காரோடு காத்திருக்கும் அண்ணன். ஏறினால் பாவமா? இறங்கினால் வாழ்க்கையே முடிந்துவிடுமா? அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எங்கள் மன்ஸூரா ஊரில் அதைச் சொல்லக்கூடியவர் என்று நாங்கள் நம்பியவர் ஒருவர்தான். அவர் பிற்பகல் அஸர் தொழுகைக்குத்தான் பள்ளிவாசலுக்கு வருவார். அப்போது மணி பகல் பன்னிரண்டு.

"உம்மு நெர்மீன், என் வீட்டுக்குள்ளயாவது வந்து உட்காருங்க" என்றேன். மகள் நெர்மீனின் பெயரை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவோம். என் வீட்டுக் கதவு அவளுக்கு நாலு படி கீழேதான் இருந்தது.

"வேண்டாம். இப்ப யார் வீட்டுக்குள்ள போனாலும் நான் வீட்டை விட்டுப் போனவளாயிடுவேன். இங்கயே இருக்கேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இந்த நிலைமைக்கு ஒரு எழுத்துகூடக் காரணம் இல்லை. எழுத்தின் மேல் ஏறும் ஒரு சின்ன ஒலி! அதைச் சொல்ல வேண்டுமானால் அவள் கணவர் ராஃபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராஃபத் மின்சார மீட்டர் பார்க்கிறவர். கையில் டார்ச்சும் தோளில் பையுமாக எங்கள் பேட்டையின் எல்லாப் படிகளையும் மாதம் ஒருமுறை ஏறி இறங்குவார். தொழிற்பள்ளியோடு படிப்பு நின்றது. அவருக்கு அரபு இலக்கணப் பைத்தியம் பிடித்தது கல்யாணத்தன்று. நிக்காஹ் எழுதுபவர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். 'கபில்த்து', ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், கை நடுங்கி நாக்கும் நடுங்கி, 'கப்பல்த்து' என்று சொல்லிவிட்டார். அதற்கு முத்தமிட்டேன் என்று அர்த்தம். சபை முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பெண்ணின் அண்ணன் ஃபிக்ரி. அவர் அப்போதுதான் அரபு ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"மாப்பிள்ளைக்கு அவசரம்!" என்றாராம்.

அந்தச் சிரிப்பு ராஃபத்தின் காதை விட்டுப் போகவே இல்லை. மகள் நெர்மீன் வளர்ந்து தமியாத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் போகவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வேலை முடிந்து நேராகப் பள்ளிவாசலுக்குப் போய் ஷேக் பயூமியின் இலக்கண வகுப்பில் உட்கார்ந்துவிட்டார். ஷேக் அவரைவிட எட்டு வயது சின்னவர். காலையில் பேனா, நோட்டு விற்கிற கடை. அஸருக்குப் பிறகு வடக்குத் தூணடியில் பாடம்.

அடிப்படைப் பாடம் ஒரு வருஷத்தில் முடிந்தது. இடைநிலை மூன்று வருஷம். அதுவரை நாற்பது பேர் இருந்தார்கள். அதற்கு மேல்தான் ஆளைக் கொல்கிற பாடம். அரபு மொழியில் செய்பவனுக்கு 'உ', செய்யப்படுவதற்கு 'அ' என்று சொல்லின் கடைசி ஒலி மாறும். ஆனால் அந்த ஒலியை யாரும் எழுதுவதில்லை. படிக்கிறவன் தானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மேல்பாடத்தில் அதுவும் போதாது. வாக்கியத்தில் சொல்லாமல் விட்ட சொல்லைத் தேடிப் பிடித்து, அந்த இல்லாத சொல்லுக்கும் என்ன ஒலி என்று சொல்ல வேண்டும். ஏன் அந்த ஒலி என்று பழைய இலக்கண அறிஞர்களில் பஸ்ராக்காரர் என்ன சொன்னார், கூஃபாக்காரர் என்ன சொன்னார் என்று சண்டையையும் ஒப்பிக்க வேண்டும். நாற்பது பேர் நாலு பேர் ஆனார்கள். ராஃபத் நகரவில்லை. ஏழு வருஷம்!

மீட்டர்ச் சீட்டின் பின்பக்கம் முழுக்க வாக்கியங்களைப் பிரித்து எழுதி வைப்பார். கறிக்கடைக்காரரிடம் "நூற்றுப் பதினைந்து அலகுகள்" என்று செய்தி வாசிப்பவரைப் போல அரபு எண்ணுக்கு உண்டான ஆண்பால் பெண்பால் பிசகாமல் சொல்வார். "ஃபஸீஹ் வர்றாரு, மீட்டர மூடுங்கடா" என்று காபிக்கடையில் கத்துவார்கள். ஃபஸீஹ் என்றால் நாவன்மை உள்ளவர். அவர்கள் சொல்லும் தொனியில் அதற்கு வேறு அர்த்தம்.

இன்னொரு வினோதம். ராஃபத்துக்குக் கோபம் வந்தால் தெருப்பேச்சு போய்விடும். சுத்தமான புத்தக அரபு வரும், எல்லாக் கடைசி ஒலிகளோடும். "அவரு நியூஸ் வாசிக்க ஆரம்பிச்சாருன்னா நான் அடுப்படிக்கு ஓடிடுவேன்" என்று தஹானி சிரிப்பாள்.

அந்த வியாழக்கிழமை அவருக்கு இஜாஸா தருவதாக இருந்தது, இலக்கணம் கற்றுத்தரலாம் என்ற அனுமதிப் பத்திரம். அதற்கு மாணவர் தானே ஒரு பக்கம் எழுதி, ஒலிக்குறி ஒன்றும் போடாமல், சபை முன்னால் பிழையில்லாமல் படிக்க வேண்டும். ராஃபத் அந்த ஒரு பக்கத்தை நாலு மாதம் எழுதினார்.

தஹானிக்கு உள்ளுக்குள் ஒரே பதற்றம். மறுபடி யாராவது சிரித்துவிட்டால்? அவள் அந்தக் காகிதத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு, காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "அண்ணே, ஒரு தடவ பாத்துக் குடுங்க. அவருக்குத் தெரிய வேண்டாம்." பாவி மகள், அன்பினால் செய்தாள்! ஃபிக்ரி சிவப்புப் பேனாவை எடுத்தார். காகிதத்திலேயே ஏழு இடத்தில் வட்டம் போட்டார். ஓரத்தில் பள்ளிப் பையனுக்குப் போடுகிற மாதிரி மதிப்பெண்ணும் போட்டார், பத்துக்கு ஆறு. பிறகு தானே காரில் கொண்டுவந்து விட்டார். பதினாலு வருஷமாக அந்த வீட்டு வாசலைத் தாண்டாதவர், அன்று மட்டும் நாலு மாடியும் ஏறிக் கதவருகே நின்றார். ராஃபத்தின் முகத்தைப் பார்க்கத்தான்.

ராஃபத் பார்த்தார். சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். கதவருகே நின்ற மைத்துனரைப் பார்த்தார். அவர் வாயில் புத்தக அரபு வந்தது.

"நீ உன் அண்ணனைப் போன்றவர்களிடம்..." என்று நீளமாகவெல்லாம் இல்லை. ஒரே வாக்கியம். நீ மணவிலக்குப் பெற்றவள், உன் அண்ணன் வீட்டுக்கு நீ... என்று போயிற்று அது. அரபில் அந்த இரண்டாவது 'நீ'க்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வரும். 'இன்' என்று சொன்னால் 'நீ போனால்' என்று அர்த்தம். அது மிரட்டல். இனி போனால்தான் விலக்கு. 'அன்' என்று சொன்னால் 'நீ போனதால்' என்று அர்த்தம். அது தீர்ப்பு. அந்த நிமிஷமே விலக்கு விழுந்துவிடும்.

ராஃபத் 'அன்' என்று சொல்லிவிட்டார்.

கல்யாணமான புதிதில் இரண்டு முறை அவர் கோபத்தில் தலாக் சொல்லி, இரண்டு முறையும் திரும்பச் சேர்ந்தவர்கள் அவர்கள். இது மூன்றாவது. மூன்றாவதற்குத் திரும்புதல் கிடையாது.

"காதால கேட்டேன்!" ஃபிக்ரியின் குரல் மாடிப்படி முழுக்க அதிர்ந்தது. "'அன்'! 'அன்'னு சொன்னாரு! முடிஞ்சுபோச்சு. தஹானி, கெளம்பு, இனி இவரு உனக்கு அந்நியர்."

"நான் 'இன்'னுதான் சொல்ல வந்தேன்!" ராஃபத் அலறினார். அலறியது தெருப்பேச்சில். "வல்லாஹி, சத்தியமா நாக்கு பெசகிடுச்சு!"

"பெசகுமா? பதினோரு வருஷம் படிச்ச நாக்கு பெசகுமா? போன பெருநாளைக்கு என் சம்பந்தி முன்னாடி என்னையே திருத்தின நாக்குதான இது?"

தஹானி ஓடிவந்தாள், ஒரு செருப்பு கழன்று மேலேயே கிடந்தது. பாதிப் படியில் நின்றுவிட்டாள். அண்ணனோடு கீழே போனால் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ராஃபத் சொல்வது உண்மையானால், அங்கே காலை வைத்த நிமிஷம் மூன்றாவது விலக்கு விழும். மேலே போனால், அண்ணன் சொல்வது உண்மையானால், அந்நிய ஆணோடு ஒரே வீட்டில் இருக்கும் பாவம். அதனால்தான் படி.

மணி ஒன்றானது. மேல் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. ராஃபத் வெளியே வரவில்லை, கதவிடுக்கில் குரல் மட்டும் வந்தது.

"உம்மு ஸமீர், அவ சாப்பிட்டாளான்னு கேளுங்க."

எனக்கு நாலு படி மேலே இருக்கும் மனைவியிடம் பேச, ஸமீரின் அம்மா நான் தூது! "சாப்பிட்டீங்களான்னு கேக்குறாரு."

"அவருகிட்ட சொல்லுங்க, எனக்குப் பசிக்கல. அவரு மனசுல நெசமா எது இருந்துச்சுன்னு கேளுங்க. போனாலா, போனதாலா?"

கதவு இன்னும் ஒரு விரல் அகலம் திறந்தது. பிறகு, "போனால்" என்றார்.

"அப்ப ஷேக்கிட்ட போயி, எனக்கு இலக்கணமே தெரியாதுன்னு சொல்லச் சொல்லுங்க. தெரியாதவன் சொன்னா நாக்கு பெசகுனதாத்தான் எடுத்துப்பாங்கன்னு அண்ணனே ஒரு தடவ சொல்லியிருக்காரு. தெரியாதுன்னு சொல்லட்டும். எனக்காக."

"பொய் சொல்லிட்டு அவகூட எப்படி வாழறது?" என்றார் ராஃபத் என்னிடம், அவளுக்குக் கேட்கும்படி. "தினமும் ஒரே தட்டுல சாப்பிடணும் உம்மு ஸமீர். ஒவ்வொரு கவளத்துலயும் அந்தப் பொய் இருக்கும். கேட்டா உள்ளதச் சொல்லுவேன். எது விழுதோ விழட்டும்."

தஹானி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "பிடிவாதக்காரன்" என்றாள், எனக்கு மட்டும்.

அஸர் முடிந்ததும் போனோம். ராஃபத் முன்னால் நடந்தார். ஃபிக்ரி காரில் ஊர்ந்து வந்தார். நானும் தஹானியும் பின்னால். ஒற்றைக் காலுக்கு என் செருப்பைக் கொடுத்திருந்தேன், அது அவளுக்குப் பெரிது. வழி முழுக்க அது தட்டிக்கொண்டே வந்தது.

ஷேக் பயூமி தூணடியில் உட்கார்ந்திருந்தார். மேல்வகுப்பு மாணவர்கள் மற்ற மூவரும் இருந்தார்கள். நாங்கள் பெண்கள் தூணுக்கு இந்தப் பக்கம். ஃபிக்ரி நடந்ததைச் சொன்னார். பொய் கலக்காமல்தான் சொன்னார். அந்த நியாயம் அவருக்கு உண்டு.

ஷேக் வயதில் மூத்த மாணவரைச் சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். "ராஃபத் சாச்சா, மனசுல எதை நினைச்சீங்க?"

"'இன்'. போனால்."

"சத்தியம் செய்வீங்களா?"

"செய்வேன்."

"செஞ்சா மட்டும் போதுமா மௌலானா?" ஃபிக்ரி குறுக்கிட்டார். "மொழி தெரியாத ஆள் சொன்னா நினைப்பைப் பாக்கலாம். தெரிஞ்சவன் சொன்னா சொல்லத்தான் பாக்கணும். நீங்களே பாடத்துல சொல்றதுதானே? இவருக்குத் தெரியும். உங்க கையாலயே இந்த வியாழக்கிழமை 'இவருக்குத் தெரியும்'னு எழுதிக் குடுக்கப்போறீங்க!"

ஷேக்கின் முகத்தில் ரத்தமே இல்லை. பதினோரு வருஷம் தான் வளர்த்த மாணவரின் படிப்பே அந்த மாணவரின் கழுத்துக்கே கயிறாகி நிற்கிறது. இழுக்க வேண்டியவர் ஷேக்!

"உஸ்தாத் ஃபிக்ரி சொல்றது சரி" என்றார் மெதுவாக. "தெரியுமா தெரியாதாங்கறதுதான் கேள்வி. காகிதத்துல பிரிச்சு எழுதத் தெரிஞ்சவன் வேற, நாக்குல தெரிஞ்சவன் வேற. சாச்சா, இன்னிக்குக் காலையில நடந்ததை எனக்குப் புத்தக அரபுல சொல்லுங்க. எங்கயும் நிக்கக் கூடாது, எந்தச் சொல்லோட கடைசி ஒலியையும் முழுங்கக் கூடாது. வேணும்னே தப்புப் பண்ணினா அல்லாஹ் பாத்துட்டு இருக்கான்."

தஹானி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் நகம் என் தோலில் பதிந்தது. "தப்பாப் பேசு" என்று முணுமுணுத்தாள். "யா ரப், இறைவா, ஒரே ஒரு தப்பு."

ராஃபத் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த உட்காரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் வேண்டுமென்றே தவறமாட்டார். தொண்டையைச் செருமினார். முதல் வாக்கியம் பிசகில்லாமல் வந்தது. இரண்டாவதும் வந்தது. தஹானி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது வாக்கியம், 'என் மனைவி காகிதத்தை எடுத்துப் போனாள்.' காகிதம் செய்யப்படுவது, 'வரகத' என்று 'அ' வர வேண்டும். அவர் 'வரகது' என்றார். 'என் மனைவி' என்ற சொல்லில் கடைசி ஒலி வெளியே தெரியாது. ஆகவே அந்த 'உ' வந்ததும் வாக்கியமே புரண்டுவிட்டது. காகிதம் என் மனைவியை எடுத்துப் போனது என்று ஆகிவிட்டது!

"வரகத!" ஃபிக்ரியின் வாயிலிருந்து தானாக வந்தது. இருபத்தாறு வருஷ வாத்தியார் வாய் அல்லவா!

ராஃபத் திரும்பக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். தூணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். சிவப்பு மையைப் பார்த்தேன் என்றார். மைக்கும் 'உ' போட்டார்.

"ஹிப்ர! 'அ', 'அ'!" என்றார் ஃபிக்ரி.

'நான் கோபமாக இருந்தேன்.' அடிப்படைப் பாடத்தில் இரண்டாம் மாதம் வருகிற விதி. காளிபன் என்று சொல்ல வேண்டும். "காளிபுன்" என்றார் ராஃபத்.

"காளிபன்! சீச்சீ, ஆறாங்கிளாஸ் பிள்ளை சொல்லுமே இதை!"

"இருபத்தாறு வருஷம் என்னோடு இருந்தவள்" என்று தொடங்கினார். எண்ணில் ஆண்பாலையும் பெண்பாலையும் குழப்பினார். கறிக்கடையில் ஒருநாளும் தவறாத எண்! ஃபிக்ரி விரலை நீட்டித் திருத்தினார். அடுத்த சொல்லையும் திருத்தினார். அவர் கண்கள் பளபளத்தன. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தஹானியின் பிடி என் கையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஃபிக்ரி ஒருவருக்குத்தான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை.

ஷேக் கையைத் தூக்கினார். "போதும்."

ராஃபத் நின்றார். தாடி நனைந்திருந்தது.

"உஸ்தாத் ஃபிக்ரி, எத்தனை தடவை திருத்துனீங்க?"

ஃபிக்ரி நீட்டிய விரலை மடக்கினார். அவருடைய காதுக்கு அப்போதுதான் தன் குரல் கேட்டிருக்க வேண்டும். "நடிக்கிறாரு!" என்றார் கடைசியில், பலவீனமாக.

"நடிக்கிறவன் கஷ்டமான எடத்துல விழுவான். 'கோபமா இருந்தேன்'ல விழமாட்டான். இவரோட கர்வம் எனக்குத் தெரியும் உஸ்தாத், பதினோரு வருஷமாத் தெரியும். இந்த மூணு பேர் முன்னாடி அந்த எடத்துல விழறதுக்கு இவரு வேணும்னே சம்மதிக்கமாட்டாரு." ஷேக் பெருமூச்சு விட்டார். "மனசு கலங்கினா போயிடற இலக்கணம், தெரிஞ்ச இலக்கணம் இல்ல. இவரு காலையிலயும் கலங்கித்தான் சொன்னாரு. நினைச்சதைத்தான் எடுத்துக்கணும். போனால். விலக்கு விழல. தங்கச்சி, வீட்டுக்குப் போம்மா."

தஹானி அங்கேயே தரையில் நெற்றியை வைத்துவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. பள்ளிவாசல் முழுக்கக் கேட்டது, யாரும் தடுக்கவில்லை.

ஆனால் ஷேக் முடிக்கவில்லை. "சாச்சா, ரெண்டு விஷயம். இன்னிக்கு உங்களுக்கு இலக்கணம் தெரியாதுன்னு தீர்ப்புச் சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை தெரியும்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது."

ராஃபத் தலையை அசைத்தார். "இடைநிலைப் பாடம் என்னிக்கு மௌலானா?"

"சனி, திங்கள்."

"வர்றேன்."

"ரெண்டாவது, அந்தச் சொல் இன்னும் உயிரோட இருக்கு. 'உன் அண்ணன் வீட்டுக்கு நீ போனால்.' அவங்க ஒரு தடவை அந்த வாசல்ல காலை வெச்சாலும் மூணாவது விழுந்துரும். அதை என்னால மாத்த முடியாது."

அதைக் கேட்டதும் நான் ராஃபத்தைப் பார்க்கவில்லை. ஃபிக்ரியைப் பார்த்தேன். மனைவி செத்து எட்டு வருஷமாகத் தனியாக இருக்கிற மனிதர். செவ்வாய்க்கிழமைதோறும் தங்கை போய்த்தான் அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். தங்கை பிறந்த வீடு அது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்தச் செவ்வாய் போயிற்று, அடுத்த செவ்வாயும் போயிற்று. தஹானி இரண்டு நாளும் முலோகியாக் கீரை சமைத்துவிட்டு, ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்தாள். ராஃபத் சனிக்கிழமைகளில் இருபது வயதுப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து 'இருந்தேன்' பாடத்தை மறுபடி ஒப்பித்தார். காபிக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். அவர் இப்போது கோபம் வந்தால் சுத்தமான தெருப்பேச்சில்தான் கத்துகிறார், கழுதை, செருப்பு எல்லாம் வருகிறது. தஹானி அடுப்படிக்கு ஓடுவதில்லை, எதிரே நின்று திருப்பிக் கத்துகிறாள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை பகலில் மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தேன். உஸ்தாத் ஃபிக்ரி ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பஸ்பூஸா இனிப்புப் பெட்டியோடு, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் மாடி வாசலில் போய் நின்றார். தட்டவில்லை. நான் கீழே நின்று பார்த்தேன்.

கதவை ராஃபத்தான் திறந்தார். பெட்டி ஒரு பக்கம் சரிந்து பாகு சொட்டியது.

"வழியை விடுங்க" என்றார் ஃபிக்ரி. "என் தங்கச்சியப் பாக்கணும்."

"உள்ள வந்து பாருங்க மச்சான்" என்றார் ராஃபத். "செருப்பை வெளிய விடுங்க, இப்பத்தான் தொடைச்சா. தஹானி, முலோகியாவை எடுத்து வை, உன் அண்ணன் வந்துட்டாரு."